உல்ஃப்ராம் நோய்க்கு டான்ட்ரோலீன்: 22 பேரிடம் நடந்த சோதனை எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை

உங்கள் அக்கா மகளுக்கு ஐந்து வயதில் சர்க்கரை நோய் வந்தது, பத்து வயதுக்கு மேல் பார்வை மங்கத் தொடங்கியது, இப்போது 14 வயதில் மரபணுச் சோதனை செய்து உல்ஃப்ராம் நோய் என்று சொல்லியிருக்கிறார்கள். டான்ட்ரோலீன் என்ற மாத்திரையை இந்த நோய் உள்ளவர்களிடம் சோதித்துப் பார்த்து ‘பாதுகாப்பானது’ என்று முடிவு வந்திருப்பதைப் படித்தீர்கள். அந்த மாத்திரை வேறொரு நோய்க்காகப் பல வருடங்களாக விற்பனையில் இருப்பதும் தெரிந்தது. அப்படியிருக்க மருத்துவர் ஏன் எழுதித் தர மறுக்கிறார், நாமே வாங்கிக் கொடுத்துப் பார்த்தால் என்ன தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். கோபத்தில் கேட்ட கேள்வி போலத் தெரிந்தாலும் நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை சொல்ல, அதற்கு முந்தைய கேள்விக்குப் போக வேண்டும்: அந்தச் சோதனை உண்மையில் எதைக் கண்டுபிடிக்க நடத்தப்பட்டது?

என்னைப் பற்றி ஒரு வரி. நான் குழந்தைகளின் ஹார்மோன் கோளாறுகளையும் சர்க்கரை நோயையும் பார்க்கிற மருத்துவன். மருந்துச் சோதனைகளில் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் குழுக்களிலும் சில வருடங்கள் இருந்திருக்கிறேன். உல்ஃப்ராம் நோயாளிகளை என் அனுபவத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். கண், மூளை நரம்பு சம்பந்தப்பட்ட விஷயங்களில் என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் உண்டு. உங்கள் குழந்தையை நான் பார்த்ததும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இந்த நோயை முதலில் எழுதி வைத்தவர்கள் 1938-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டான் உல்ஃப்ராமும் வாகனரும். ஒரே வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேருக்குச் சிறுவயதிலேயே சர்க்கரை நோயும் பார்வை நரம்புச் சிதைவும் சேர்ந்து வந்ததை அவர்கள் கவனித்தார்கள். பின்னால் இன்னும் இரண்டு சேர்ந்தன. ஒன்று காது கேளாமை. இன்னொன்று, உடலில் நீரைத் தக்கவைக்கும் ஹார்மோன் குறைந்து, சிறுநீர் அளவுக்கு அதிகமாகப் போகும் நிலை. 1995-இல் பிரிட்டனில் 45 நோயாளிகளைத் திரட்டி ஆராய்ந்தபோது, சர்க்கரை நோய் சுமார் 6 வயதிலும் பார்வை நரம்புச் சிதைவு சுமார் 11 வயதிலும் தெரியவந்தது என்று கணக்கிட்டார்கள். உங்கள் அக்கா மகளின் கதை ஏறக்குறைய இதே வரிசையில்தான் இருக்கிறது. இணையத்தில் தேடியபோது ஆயுள் பற்றியும் ஒரு எண் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். அதுவும் இந்த ஆய்விலிருந்து வந்ததுதான். நோய் முற்றியவர்களை மட்டுமே அடையாளம் காண முடிந்த காலத்துக் கணக்கு அது. மரபணுச் சோதனை பரவலான பிறகு மிதமாகப் போகிறவர்கள் பலர் தெரியவந்திருக்கிறார்கள். அந்த எண்ணை வைத்து உங்கள் குழந்தையின் வருடங்களை எண்ணாதீர்கள்.

காரணமான மரபணு 1998-இல் கண்டுபிடிக்கப்பட்டது. நான்காவது குரோமோசோமில் இருக்கும் அதன் பெயர் டபிள்யூஎஃப்எஸ்1. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்த நோய் முழு வடிவில் வரும். இந்த மரபணு உருவாக்கும் புரதத்துக்கு உல்ஃப்ராமின் என்று பெயர். செல்லுக்குள் எண்டோபிளாச வலை என்று ஓர் உறுப்பு உண்டு. புதிதாகப் பிறந்த புரதங்களை மடித்துச் சரியான வடிவத்துக்குக் கொண்டுவரும் பட்டறை அது. அதோடு, செல்லின் கால்சியம் கிடங்கும் அதுதான். உல்ஃப்ராமின் அந்த வலையின் சுவரில் உட்கார்ந்திருக்கிறது. அது இல்லாவிட்டால் பட்டறையில் நெருக்கடி ஏற்படுகிறது, கிடங்கிலிருந்து கால்சியம் கசிகிறது, கசிந்த கால்சியம் கால்பெயின் என்ற புரதவெட்டி நொதியைத் தூண்டிவிடுகிறது, கடைசியில் செல் தானே தன்னை அழித்துக்கொள்கிறது. கணையத்தின் பீட்டா செல்லுக்கு இன்சுலினைத் தயாரித்து மடிப்பதே முழுநேர வேலை. பட்டறையில் பழுது என்றால் முதலில் அடிவாங்குவது அதுதான்.

முதல் வகைச் சர்க்கரை நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தியே பீட்டா செல்களைத் தாக்குகிறது. இங்கே தாக்குவதற்கு ஆள் இல்லை, செல் உள்ளிருந்தே நொடிந்துபோகிறது. அந்த எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் ஆன்டிபாடிகள் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் பெரும்பாலும் இருக்காது, இன்சுலின் தேவையும் பொதுவாகக் கொஞ்சம் குறைவாக இருக்கும். இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். உங்கள் கேள்விக்கான விடையில் பாதி இதற்குள்தான் இருக்கிறது. நொடிந்துகொண்டிருக்கிற செல்லுக்கு முட்டுக்கொடுக்கலாம். இறந்துபோன செல்லை எந்த மாத்திரையும் எழுப்பித் தராது.

சரி, டான்ட்ரோலீன் எங்கிருந்து வந்தது? அது தசைக்கான மருந்து. 1970-களிலிருந்து தசை இறுக்கத்துக்குத் தரப்படுகிறது. அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது அபூர்வமாகச் சிலருக்கு உடல் வெப்பம் தாறுமாறாக ஏறி உயிருக்கே ஆபத்தாகும். அந்த நேரத்தில் காப்பாற்றுகிற மருந்தும் இதுதான். தசைச் செல்லில் கால்சியம் கிடங்கின் கதவுகளை இறுக்கிச் சாத்துவது இதன் வேலை. ரையனோடின் ஏற்பி என்பது அந்தக் கதவின் பெயர். செயின்ட் லூயிஸ் நகரத்தில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஃபுமிஹிகோ உரானோவின் குழு, கசிவுதான் பிரச்சினை என்றால் கதவைச் சாத்திப் பார்க்கலாமே என்று யோசித்தது. உல்ஃப்ராம் மரபணுவை நீக்கிய எலிகளிலும், நோயாளிகளின் தோல் செல்லிலிருந்து உருவாக்கிய நரம்புச் செல்களிலும் டான்ட்ரோலீன் கால்பெயினை அடக்கிச் செல் அழிவைக் குறைக்கிறது என்று 2014-இல் வெளியிட்டார்கள். மனிதர்களிடம் பல வருடங்கள் புழங்கிய மருந்து என்பதால், புது மூலக்கூறு ஒன்றுக்குத் தேவைப்படும் ஆரம்பகட்ட வேலைகளில் பெரும்பகுதி மிச்சம். இதுபோன்ற அரிய நோய்களில் பழைய மருந்துகளைத் துழாவுவதற்கு இதுதான் காரணம். புதிதாக ஒன்றை உருவாக்கும் செலவை ஏற்க யாரும் எளிதில் முன்வருவதில்லை.

அடுத்ததாக அதே பல்கலைக்கழகத்தில் மனிதர்களிடம் நடந்த சோதனைதான் நீங்கள் படித்தது. பெரியவர்களும் குழந்தைகளுமாக 22 பேர். எல்லோருக்கும் டான்ட்ரோலீன் கொடுத்தார்கள். கொடுக்கப்படுவது என்ன மருந்து என்பது எல்லோருக்கும் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தில்லாத வெற்று மாத்திரை வாங்கிய இன்னொரு குழு கிடையாது. முதல் ஆறு மாதம் கட்டாயப் பகுதி, விரும்பியவர்கள் அதற்கு மேலும் தொடரலாம். 2021-இல் முடிவுகள் வந்தன. மருந்தைத் தாங்கிக்கொண்டார்கள், அளவைக் குறைத்தே தீர வேண்டும் என்கிற அளவுக்கு நச்சுவிளைவு தென்படவில்லை. சிலரிடம் பீட்டா செல்களின் செயல்பாடு மேம்பட்டது. ஆரம்பத்தில் யாருக்குச் செயல்பாடு அதிகம் மிச்சம் இருந்ததோ அவர்களிடம் முன்னேற்றமும் அதிகமாகத் தெரிந்தது. ஆறு மாதத்தில் பார்வையிலோ நரம்புச் செயல்பாட்டிலோ முன்னேற்றம் இல்லை.

இந்த முடிவுகளில் உறுதியானது எது? இப்படிப்பட்ட கண்காணிப்பில், இவ்வளவு காலத்தில், இந்த 22 பேருக்குப் பெரிய கேடு நேரவில்லை என்பது உறுதி. அதற்கு மேல் போகும்போது கால் வழுக்கத் தொடங்குகிறது. 22 பேரில் ஒருவருக்கும் ஒரு பக்கவிளைவு வரவில்லை என்றாலும், அது ஏழு பேரில் ஒருவருக்கு வரக்கூடிய பக்கவிளைவாகவே இருக்க வாய்ப்பு உண்டு. புள்ளியியலில் ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது: மூன்றை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால், கண்ணில் படாமல் தப்பியிருக்கக்கூடிய ஆபத்தின் மேல் எல்லை தோராயமாகக் கிடைக்கும். 3-ஐ 22-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 14 சதவீதம். நூற்றில் ஐந்து பேருக்குக் கல்லீரலைக் கெடுக்கும் ஒரு மருந்துகூட 22 பேர் கொண்ட சோதனையில் சுத்தமான பெயரோடு வெளியே வந்துவிடலாம். டான்ட்ரோலீன் அப்படிக் கெடுக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. ‘பாதுகாப்பானது’ என்ற சொல்லின் எடையைத்தான் சொல்கிறேன்.

இன்னொரு சொல், ‘முன்னேற்றம்’. அதை எப்படி அளந்தார்கள் என்று தெரிந்தால்தான் அதன் மதிப்பு புரியும். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிற ஒருவரின் ரத்தத்தில் இன்சுலினை அளந்தால், எது அவருடையது, எது ஊசி வழியாக வந்தது என்று பிரிக்க முடியாது. அதனால் சி-பெப்டைடு என்ற துணைப்பொருளை அளக்கிறோம். பீட்டா செல் ஒவ்வொரு இன்சுலின் மூலக்கூறை வெட்டி எடுக்கும்போதும் ஒரு சி-பெப்டைடும் உதிர்கிறது. ஊசி இன்சுலினில் அது கிடையாது. ஆக, அதன் அளவு கணையத்தின் சொந்த உழைப்பைக் காட்டும். மாவுச்சத்தும் கொழுப்பும் புரதமும் கலந்த ஒரு பானத்தைக் குடிக்கவைத்து, குறிப்பிட்ட இடைவெளிகளில் ரத்தம் எடுத்து, அது எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரையான எச்பிஏ1சி இந்த வேலைக்கு அவ்வளவாக உதவாது. சோதனையில் சேர்ந்ததுமே எல்லோரும் சாப்பாட்டையும் ஊசியையும் ஒழுங்காகக் கவனிக்க ஆரம்பித்துவிடுவார்கள், மருந்து ஒன்றும் செய்யாவிட்டாலும் எண் இறங்கும்.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன்: மிச்சம் அதிகம் இருந்தவர்களுக்கு முன்னேற்றமும் அதிகம் என்பது. ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், எனக்குச் சந்தேகம் அதிகம் இருப்பதும் இதில்தான். உயிரியல் ரீதியாக இது மிகவும் அழகாகப் பொருந்துகிறது. செல் மிச்சம் இருந்தால்தானே முட்டுக்கொடுக்க முடியும்? நோயின் ஆரம்பத்திலேயே கொடுத்தால் பலன் இருக்கும் என்ற நம்பிக்கை இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் இதே புள்ளிகளை வேறு விதமாகவும் படிக்கலாம். சி-பெப்டைடு ஏறக்குறைய பூஜ்யமாக இருப்பவர் ஆறு மாதம் கழித்தும் பூஜ்யத்தில்தான் இருப்பார். கொஞ்சம் மிச்சம் உள்ளவருக்குத்தான் ஏறவும் இறங்கவும் இடம் உண்டு. ஒரே ஆளை மருந்தே கொடுக்காமல் இரண்டு முறை சோதித்தால்கூட எண்கள் ஒன்றாக வருவதில்லை. முந்தைய வாரம் சர்க்கரை எப்படி இருந்தது, உடம்பு சரியில்லையா, தூங்கினாரா என்பதெல்லாம் அதில் கலந்துவிடும். 22 பேரில் மிச்சம் உள்ளவர்கள் சிலரே. அவர்களில் இரண்டு மூன்று பேருக்கு அதிர்ஷ்டவசமாக எண் ஏறியிருந்தாலும் இதே படம் கிடைத்திருக்கும். மருந்து வாங்காத ஒரு குழு பக்கத்தில் இருந்திருந்தால் இரண்டில் எது என்று பிரித்திருக்கலாம். இல்லாததால், நல்லதொரு ஊகம் என்ற அளவில் அது நிற்கிறது. ஆய்வு செய்தவர்களும் அதற்கு மேல் உரிமை கொண்டாடவில்லை.

‘இருக்கிறவர்களே கொஞ்சம் பேர், அதில் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுப்பது அநியாயம் இல்லையா?’ என்று பெற்றோர்கள் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்தபின் அப்படிச் செய்தால் அநியாயம்தான். தெரியாதபோது, வெற்று மாத்திரை வாங்குகிறவர் பக்கவிளைவிலிருந்து தப்பித்தவராகக்கூட இருக்கலாம். இதற்கு அண்மையில் கிடைத்த உதாரணம் இந்த நோய்க்கு மிக அருகிலேயே இருக்கிறது. ஏஎம்எக்ஸ்0035 என்று ஒரு கூட்டு மருந்து. சோடியம் பீனைல்பியூட்டிரேட், டாருர்சோடயால் என்ற இரண்டும் சேர்ந்தது, செல்லின் அந்தப் பட்டறை நெருக்கடியைத் தணிக்கும் என்பது எதிர்பார்ப்பு. தசைகளை இயக்கும் நரம்புகள் அழியும் ஏஎல்எஸ் நோய்க்கு 137 பேரிடம் நடந்த சோதனையில் நோயின் வேகம் குறைந்தது தெரிந்தது. அந்தச் சோதனையில் வெற்று மாத்திரைக் குழுவும் இருந்தது. 2022-இல் அமெரிக்கா அனுமதித்தது, நோயாளிகள் நம்பிக்கையோடு வாங்கிச் சாப்பிட்டார்கள். பிறகு 664 பேரிடம் 48 வாரம் நடந்த பெரிய சோதனையில் வெற்று மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. 2024-இல் நிறுவனமே மருந்தைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒப்பீட்டுக் குழு இருந்த 137 பேர் சோதனையே இப்படித் திசைமாற்றும் என்றால், அந்தக் குழுவே இல்லாத 22 பேர் சோதனையை எவ்வளவு தூரம் நம்புவது?

வேடிக்கை என்னவென்றால் அதே ஏஎம்எக்ஸ்0035 உல்ஃப்ராம் நோய்க்கும் சோதிக்கப்பட்டது. 12 பெரியவர்கள், இங்கேயும் ஒப்பீட்டுக் குழு கிடையாது. 24 வாரத்தில் சி-பெப்டைடு அளவு மேம்பட்டதாக 2024-இல் நிறுவனம் அறிவித்தது. ஒரு நோயில் தோற்ற மருந்து இன்னொன்றிலும் தோற்கும் என்று கட்டாயம் இல்லை. சொல்லப்போனால், எண்டோபிளாச வலையின் கோளாறு ஏஎல்எஸ் நோயில் பல காரணங்களில் ஒன்று, உல்ஃப்ராமில் அதுதான் மூலகாரணம். அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. ஆனால் நம்பிக்கைக்கும் மருந்துச் சீட்டுக்கும் நடுவில் ஒரு சோதனை வேண்டும்.

நான் எதிர்பார்க்கிற மாதிரியான சோதனைக்கு ஒரு நல்ல உதாரணம் பிரிட்டனின் பர்மிங்காமிலிருந்து தொடங்கிய சோடியம் வால்புரோயேட் சோதனை. வலிப்பு நோய்க்குத் தருகிற பழைய மருந்துதான். அங்கே வெற்று மாத்திரைக் குழு உண்டு, யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. பார்க்கிற காலம் மூன்று வருடம். முக்கிய அளவீடாக எடுத்துக்கொண்டது பார்வைக் கூர்மை. ஏன் மூன்று வருடம் என்று யோசித்துப் பாருங்கள். பார்வை நரம்பு மெதுவாகத் தேய்கிறது. முட்டுக்கொடுக்கிற மருந்து நன்றாக வேலை செய்தால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது! இறங்க வேண்டியது இறங்காமல் நிற்கும். ஆறு மாதத்தில் மருந்து சாப்பிடாதவருக்கே அளக்கத்தக்க அளவு இறங்கியிருக்காது, அப்புறம் இறங்காமல் நின்றதை எதை வைத்துச் சொல்வது? டான்ட்ரோலீன் சோதனையில் பார்வை முன்னேறவில்லை என்பதை நான் தோல்வி என்று எண்ணாததற்கும் இதுதான் காரணம். அந்தக் கால அளவில் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. எழுத்துப் பலகையைப் படிக்கும்போது முயற்சியும் கலக்கிறது. புது மருந்து சாப்பிடுகிறோம் என்று தெரிந்த பிள்ளை கூடுதலாக இரண்டு எழுத்தை ஊகித்துச் சொல்லிவிடும், பரிசோதிப்பவரும் அறியாமலே இன்னும் ஒரு முறை ‘நல்லாப் பார்’ என்பார்.

அடுத்து ஆள் எண்ணிக்கை. பிரிட்டனின் அந்தப் பழைய கணக்குப்படி ஏழு லட்சத்து எழுபதாயிரம் பேரில் ஒருவருக்கு இந்த நோய். ஒரு கோடி மக்கள் வாழும் பகுதியில் தேடினால் 13 பேர் தேறுவார்கள். அதில் சிலருக்கு நோய் முற்றியிருக்கும், சிலர் குழந்தைகள், சிலருக்கு வேறு மருந்துகள் ஓடிக்கொண்டிருக்கும், சிலர் ரத்தம் கொடுக்கவும் பயணம் செய்யவும் முடியாத நிலையில் இருப்பார்கள். மிஞ்சுகிறவர்களில் ஒவ்வொருவரின் மரபணுப் பழுதும் வேறு, நோயின் வேகமும் வேறு. ‘ஏன் இத்தனை வருடம் இழுக்கிறார்கள்’ என்று கேட்டீர்களே, இழுக்கிறவர்கள் யாரும் இல்லை. ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நோய் மெதுவாக நகர்கிறது. இரண்டும் சேர்ந்தால் காலண்டர்தான் தேய்கிறது.

எப்போதும் இப்படித்தானா என்றால் இல்லை. பிறந்த ஆறு மாதத்துக்குள் வருகிற சர்க்கரை நோயில் ஒரு வகை, பீட்டா செல்லின் பொட்டாசியம் வாய்க்கால் ஒன்று மூடாமல் திறந்தே கிடப்பதால் வருகிறது. மரபணுக் காரணம் 2004-இல் தெரிந்தது. அந்த வாய்க்காலை மூடுகிற சல்ஃபோனில் யூரியா மாத்திரைகள் ஏற்கெனவே இருந்தன. 2006-இல் 49 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் 44 பேர் இன்சுலின் ஊசியையே நிறுத்திவிட்டார்கள். வெற்று மாத்திரைக் குழு இல்லை, தேவையும் படவில்லை. பிறந்ததிலிருந்து ஊசியில் வாழ்ந்த குழந்தை ஊசி இல்லாமல் நடமாடுவதற்குப் புள்ளியியல் சாட்சி வேண்டுமா? அங்கே செல்கள் உயிரோடு இருந்தன, வாய் மட்டும் கட்டப்பட்டிருந்தது. கட்டை அவிழ்த்ததும் வேலை செய்தன. உல்ஃப்ராமில் செல்களே குறைந்துகொண்டு போகின்றன. அதனால் அந்த மாதிரி ஒரே வாரத்தில் கண்ணுக்குத் தெரிகிற விடையை டான்ட்ரோலீனிடமோ வால்புரோயேட்டிடமோ எதிர்பார்க்க முடியாது.

இப்போது உங்கள் நேரடிக் கேள்வி. நாமே வாங்கிக் கொடுக்கலாமா? என் பதில், வேண்டாம். சட்டத்தைக் காட்டியோ மருத்துவரின் பெருமையைக் காட்டியோ சொல்லவில்லை. டான்ட்ரோலீன் மாத்திரையின் தகவல் தாளில் கல்லீரல் பற்றிக் கட்டம் கட்டிய எச்சரிக்கை இருக்கிறது. உயிரிழந்தவர்களும் உண்டு. நாளுக்கு 400 மில்லிகிராமைத் தாண்டும்போது ஆபத்து கூடுகிறது, பெண்களிடமும் 35 வயதைத் தாண்டியவர்களிடமும் அதிகமாகப் பார்க்கப்பட்டிருக்கிறது, பெரும்பாலும் தொடங்கி மூன்றாவது மாதத்திலிருந்து பன்னிரண்டாவது மாதத்துக்குள் வருகிறது. அதாவது முதல் மாதம் நன்றாகப் போனது என்பதில் ஆறுதல் இல்லை. தசை இறுக்கத்துக்குத் தரும்போதே, 45 நாளில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடச் சொல்கிறது அந்தத் தாள். பலன் உடனே தெரியாத ஒரு நோய்க்கு அதை வருடக்கணக்கில் கொடுப்பது எப்படிப்பட்ட பேரம் என்று யோசியுங்கள். அதோடு இது தசையைத் தளர்த்துகிற மருந்து. தூக்கக் கலக்கம் தரும். உல்ஃப்ராம் நோயில் மூளைத் தண்டு பாதிக்கப்பட்டால் விழுங்குவதிலும் தூக்கத்தில் மூச்சு விடுவதிலும் சிரமம் வரலாம். மூச்சில் ஏற்கெனவே குறை உள்ளவர்களுக்கு இந்த மருந்தை எச்சரிக்கையோடுதான் தர வேண்டும். சோதனையில் இருந்த 22 பேருக்கு இதையெல்லாம் முன்கூட்டிப் பார்த்து, நடுநடுவே ரத்தம் எடுத்து, நிறுத்தச் சொல்ல ஒரு குழு உட்கார்ந்திருந்தது. வீட்டில் அந்தக் குழு இருக்காது.

வால்புரோயேட்டுக்கும் இதே பதில்தான், இன்னும் அழுத்தமாக. அதற்கும் கல்லீரல் எச்சரிக்கை உண்டு. கருவில் உள்ள குழந்தைக்குக் கடுமையான கேடு செய்யும் என்பதால், வளர்கிற பெண் பிள்ளைக்கு வேறு வழி இருக்கும்போது தரவே தயங்குவோம். நடந்துகொண்டிருந்த ஒரு சோதனைக்கு வெளியே பெற்றோரே ஒரு மாத்திரையைக் கொடுத்துவந்து, அதை எங்களிடம் சொல்லாமல் மறைத்த சம்பவம் ஒன்று எனக்குத் தெரியும். கல்லீரல் நொதிகள் ஏறியதும் நாங்கள் சோதனை மருந்தையே சந்தேகித்துக் குழம்பிக்கொண்டிருந்தோம். அந்தக் குடும்பத்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் ஒரு பிள்ளைக்குத் தகப்பன்தான். ஆனால் உங்கள் மருத்துவரிடம் எதை மறைத்தாலும் இதை மட்டும் மறைக்காதீர்கள்.

மருந்துச் சோதனை வரும் வரை செய்ய ஒன்றுமில்லை என்று நினைத்துவிட வேண்டாம். இந்த நோயில் சரிசெய்யக்கூடிய விஷயங்கள்தான் அதிகமாகக் கவனிக்கப்படாமல் போகின்றன. இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுந்தால் எல்லோரும் சர்க்கரையைத்தான் குறை சொல்வார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருந்தும் அது தொடர்ந்தால் நீரைத் தக்கவைக்கும் ஹார்மோன் குறைவா என்று பார்க்க வேண்டும். அந்த ஹார்மோனின் வேலையைச் செய்யும் டெஸ்மோபிரெசின் மருந்தைக் கொடுத்தால் பிள்ளை நிம்மதியாகத் தூங்கும், பள்ளியில் தண்ணீர் பாட்டிலும் கையுமாக அலைய வேண்டியிருக்காது. சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாமல் தேங்கினால் சிறுநீரகம் கெடும், அதற்கு ஒரு சாதாரண ஸ்கேன் போதும். உயர் சுருதி ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும் என்பதால் வீட்டில் பேசுவது கேட்கிறதே என்று விட்டுவிடாமல் ஆடியோகிராம் என்ற செவித்திறன் சோதனை எடுங்கள். குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, சாப்பிடும்போது புரையேறுவது, மனச்சோர்வு, இவை இருந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் சொல்லுங்கள். சர்க்கரையைப் பொறுத்தவரை தாழ்சர்க்கரையில் கூடுதல் கவனம் வேண்டும். பார்வை மங்கியவருக்கு ஊசி அளவு தவறுவது எளிது.

அக்காவுக்கு வேறு குழந்தைகள் இருந்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெற்றோர் இருவரிடமும் ஒவ்வொரு பழுதான பிரதி இருக்கிறபடியால், கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சோதிப்பதா வேண்டாமா என்பதை மரபணு ஆலோசகரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அறிகுறி இல்லாத பிள்ளையிடம் தேடுவது எளிய முடிவல்ல. ஆனால் மேலே சொன்ன ஊகம், அதாவது செல்கள் மிச்சம் இருக்கும்போதே தொடங்கினால் பலன் கூடும் என்பது, என்றாவது நிரூபணமானால் முதலில் பயன்பெறப் போகிறவர்கள் அவர்கள்தான்.

கடைசியாக, எதிர்காலச் சோதனை ஒன்றில் சேர நினைத்தால் இப்போதே செய்யக்கூடிய வேலை இருக்கிறது. மரபணு அறிக்கையின் முழுப் பிரதியை வாங்கி வையுங்கள். ‘உல்ஃப்ராம் உறுதி’ என்று ஒரு வரிச் சீட்டு போதாது, எந்த இடத்தில் என்ன மாற்றம் என்ற விவரம் வேண்டும். பார்வைக் கூர்மையையும் விழித்திரை நரம்பு அடுக்கின் தடிமனைக் காட்டும் ஓசிடி ஸ்கேனையும் முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே முறையில், வருடம் ஒரு முறையாவது எடுத்துத் தேதியோடு வரிசைப்படுத்துங்கள். ஒரு முறையாவது உணவுக்குப் பிந்தைய சி-பெப்டைடு பார்க்கச் சொல்லுங்கள். செயின்ட் லூயிஸில் இந்த நோயாளிகளுக்கென்று ஒரு பன்னாட்டுப் பதிவேடு இருக்கிறது, உங்கள் மருத்துவர் மூலமாக அதில் சேர முடியுமா என்று கேளுங்கள். பிறகு ஏதாவது ஒரு சோதனைக்கு அழைப்பு வந்தால், கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேளுங்கள்: ஒப்பிடும் குழு உண்டா, எதை அளக்கப் போகிறார்கள், எத்தனை காலம், கல்லீரல் சோதனை எத்தனை நாளுக்கு ஒரு முறை, நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படுமா, சோதனை முடிந்தபின் பலன் தெரிந்தால் மருந்து தொடர்ந்து கிடைக்குமா. கடைசிக் கேள்வியைத்தான் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். அதற்கான பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.